இரண்டு படிவங்களில் ஓர் அப்பா

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் அப்பாவும் நலம். நீ, அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் சுகம்தானே? உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

நல்ல சேதி. எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இத்தனை வருடம் நாள்கூலிக்கு நின்றவளுக்கு இனிமேல் மாதச் சம்பளம், சம்பளச் சீட்டு, கழுத்தில் மாட்டிக்கொள்ள அட்டை. அட்டையில் இருக்கும் போட்டோவைப் பார்த்துவிட்டு, "யார் வீட்டுல திருடுன?" என்று கேட்டு அப்பா அரைமணி நேரம் சிரித்தார்.

கையோடு ஒரு கத்தைத் தாளும் கொடுத்திருக்கிறார்கள். பணியில் சேரும் படிவம், வருமான வரிக்கான அறிவிப்புப் படிவம், இன்னும் ஏதேதோ. கொதிக்கிற தொட்டியிலிருந்து போர்வையை எடுக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். இந்தத் தாள்களைப் பார்த்தால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கிறது. திருமண நிலை என்று ஒரு கேள்வி. மணமானவர், ஆகாதவர், கணவரை இழந்தவர், மணமுறிவு பெற்றவர் என்று நாலு கட்டம். சொல்லாமல் கொள்ளாமல் போனவனின் பெண்டாட்டிக்கு ஐந்தாவது கட்டம் இல்லை. கூட வேலை செய்கிற அக்கா, "இழந்தவர்ல போடு, இழந்துட்டதானே" என்கிறாள்.

நீ கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருப்பவன். ஊரார் படிவத்தையெல்லாம் சரிபார்ப்பவன். எதில் என்ன எழுதுவது என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது. 'உங்களைச் சார்ந்து வாழ்வோர்' என்ற இடத்தில் அப்பா பெயரை எழுதலாம்தானே?

அப்பாவுக்கு இடது கண் இன்னும் மங்கல்தான். மற்றபடி பசி, தூக்கம் எல்லாம் சரி.

அன்புடன்,
உன் தங்கை

---

பிப்ரவரி 21

அன்புத் தங்கைக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் கடிதம் கண்டு மிக்க மகிழ்ச்சி. அண்ணியும் வாழ்த்துச் சொல்லச் சொன்னாள்.

படிவம் என்றால் பயப்படாதே. அது கேட்டதற்கு மட்டும் பதில் சொல், கதை சொல்லாதே. அவ்வளவுதான் ரகசியம். பணியில் சேரும் படிவத்தில் அட்டையில் இருக்கிற பெயரையே எழுத்து பிசகாமல் எழுது. திருமண நிலையில், சட்டப்படி நீ மணமானவள்தான். கோர்ட் காகிதம் வரும்வரை அவன் எங்கே இருந்தாலும் உன் புருஷன்தான். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் படிவத்துக்கு மனசு கிடையாது.

சம்பளச் சீட்டில் மூன்று எண்களைப் பார்த்தால் போதும். மேலே இருப்பது மொத்தச் சம்பளம். நடுவில் வரி, சேமநிதி என்று பிடிப்பவை. கடைசியில் இருப்பதுதான் உன் கைக்கு வருவது. மேலே இருப்பதைப் பார்த்துக் கனவு காணாதே. கீழே இருப்பதைப் பார்த்துக் குடும்பம் நடத்து. யாரையாவது நீ காப்பாற்றுகிறாய் என்றால் பிடிக்கிற வரியில் சலுகை உண்டு. அதற்குத்தான் வரிப் படிவம்.

ஆனால் சார்ந்து வாழ்வோர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிடு. அது குடும்பத் தலைவர்களுக்கானது. உனக்கு வீண் சிக்கல்.

அப்பாவுக்குத் தனியாக ஓர் உறை வைத்திருக்கிறேன். வருடா வருடம் அனுப்புவதுதான். அவரே பார்த்துக்கொள்வார், நீ சிரமப்பட வேண்டாம். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடச் சொல்.

அன்புடன்,
அண்ணன்

---

ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். உன் கடிதத்தை மடித்து அட்டைக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் படிவங்களை நிரப்பினேன்.

முதல் சம்பளச் சீட்டு வந்தது. நீ சொன்னபடி மேலே பார்க்காமல் கீழே பார்த்தேன். கீழே பார்த்ததும் மேலேயே பார்த்திருக்கலாம் என்று தோன்றியது. நாள்கூலியாக வாங்கியதைவிடக் கொஞ்சம்தான் கூட. சம்பளப் பிரிவில் கண்ணாடி போட்ட அம்மா ஒருத்தர் இருக்கிறார். போய்க் கேட்டேன்.

"வீட்டுல யாரெல்லாம் இருக்கீங்க?"

"நானும் அப்பாவும்."

"அவருக்கு வருமானம்?"

"எதுவும் இல்லீங்க. லாரி ஓட்டிட்டிருந்தார், இப்ப கண்ணு தெரியல."

"அப்ப சோறு போடறது யாரு?"

"நான்தான்."

"அதைத்தாம்மா அந்தக் கட்டத்துல கேக்கறாங்க. எழுதிக் குடு, அடுத்த மாசத்துலேர்ந்து பிடித்தம் குறையும்."

எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த அம்மா சொல்கிறார், குடும்பத் தலைவர் என்று தனியாக யாரும் இல்லையாம், யார் காப்பாற்றுகிறார்களோ அவர்கள்தானாம். உன் கம்பெனியில் வேறு விதமோ என்னவோ.

நீ அனுப்பிய உறை வந்த அன்று அப்பா முகச்சவரம் செய்துகொண்டு, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, தானே தபால் ஆபீஸுக்குப் போனார். "நான் போறேம்ப்பா" என்றேன். "இது எனக்கும் அவனுக்கும்" என்று சொல்லிவிட்டார். என்ன விஷயம் என்று நானும் கேட்கவில்லை.

அன்புடன்,
உன் தங்கை

---

ஏப்ரல் 8

தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்ததும் எழுதுகிறேன். அப்பா பெயரை உடனே எடுத்துவிடு. நாளைக்கே போய்த் தவறாக எழுதிவிட்டேன் என்று சொல். காலியாக விடு என்று தெளிவாகச் சொல்லியிருந்தேன். சம்பளப் பிரிவு அம்மாவுக்கு என்ன தெரியும்? நான் இதே வேலையில் தலை நரைத்தவன்.

காரணத்தை நேரில் சொல்கிறேன்.

அண்ணன்

---

மே 17

அண்ணாவுக்கு,

நலம். போன மாதம் காரணம் கேட்டு நான் எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. நேரிலும் நீ வரவில்லை. காரணத்தை வரி அலுவலகமே எழுதி அனுப்பிவிட்டது.

ஒரே ஆளை இரண்டு பேர் சார்ந்து வாழ்பவராகக் காட்டியிருக்கிறோமாம். ஒருத்தி நான். இன்னொருவர் நீ, உன் பெயரும் விலாசமும் போட்டிருக்கிறது. அப்பா உன் வீட்டிலேயே வசிப்பதாக எழுதியிருக்கிறாய். இது எத்தனை வருடமாக நடக்கிறது என்பதை அவர்கள் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். அம்மா இறந்த வருடத்திலிருந்து.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேன்.

"வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டது இதுக்குத்தானா?"

"ஆமா."

"என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?"

"கண்ணு தெரிஞ்சப்ப படிச்சேன். அப்புறம் எதுக்குப் படிக்கறது, அதேதானே."

"அண்ணன் வீட்டுல இருக்கீங்க, அண்ணன் சோறு போடறான்னு இருக்கு. பொய்யில்லையா?"

அவர் சொன்னார்: "வருஷத்துக்கு ஒரு தடவை அவன் கையால என் பேரு எழுதி ஒரு உறை வருது. கையெழுத்துப் போடாம இருந்தா அதுவும் வராதுல்ல."

எனக்குச் சண்டை போட வாய் வரவில்லை அண்ணா. நான் ஈரத் துணியோடு மல்லுக்கட்டி, கைத்தோல் உரிந்து, அவருக்கு மருந்து வாங்கிய வருடங்களிலெல்லாம் காகிதத்தில் நீ வாங்கியிருக்கிறாய். காசைக் கேட்கவில்லை. ஒரு தடவையாவது, "இப்படி எழுதியிருக்கேன், கோவிச்சுக்காத" என்று சொல்லியிருக்கலாம். சிரித்துவிட்டு விட்டிருப்பேன்.

தங்கை

---

மே 24

அன்புத் தங்கைக்கு,

நலமா? இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை.

நீ கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. என் பக்கத்தையும் கேள். வீட்டுக் கடன் என் கழுத்தைப் பிடிக்கிறது. மூத்த மகனின் படிப்பு. முதல் வருடம் எழுதியபோது அப்பாவை இங்கே கூட்டிவந்து வைத்துக்கொள்வதாகத்தான் நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். அப்புறம் வீடு சின்னது, பிள்ளைகள் வளர்ந்தார்கள், ஒவ்வொன்றாகத் தள்ளிப்போனது. எழுதியதை மட்டும் மாற்றவில்லை.

வெளியார் செய்தால் அபராதத்தோடு போகும். நான் கணக்குப் பிரிவில் இருப்பவன். பொய்ப் படிவம் கொடுத்தேன் என்று தெரிந்தால் வேலையே போய்விடும். இந்த வயதில் எங்கே போவேன்? வேலியே பயிரை மேய்ந்த கதை என்று ஆபீஸே சிரிக்கும்.

ஒரு கடிதம் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். அப்பா என்னோடுதான் வசிக்கிறார், உன் வீட்டுக்கு அவ்வப்போது வந்து தங்குவார் என்று. அவர் கையெழுத்துப் போட்டால் போதும். நீயும் உன் படிவத்தைத் திரும்பப் பெற்றுக்கொள். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு கட்டம்தானே?

அண்ணன்

---

ஜூன் 6

அண்ணாவுக்கு,

அப்பா கையெழுத்துப் போட்டார். படித்துக் காட்டினேன். "பேனா குடு" என்று மட்டும் சொன்னார். இத்துடன் இருக்கிறது. என் படிவத்திலிருந்தும் அவர் பெயரை எடுத்துவிட்டேன். சம்பளப் பிரிவு அம்மா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்துவிட்டுத் தாளை வாங்கிக்கொண்டார்.

ஆனால் விசாரிக்க வீட்டுக்கே ஆள் வருவார்களாம், அந்த அம்மா சொன்னார். இங்கே வந்தால் அப்பா இருப்பார், அங்கே வந்தால் இருக்கமாட்டார். அப்பாவிடம் சொன்னேன்: "இங்க இருந்துக்கிட்டு அங்க இருக்கேன்னு எழுதினா அது பொய்தானேப்பா."

"அப்ப நான் போயிடறேன்" என்றார்.

இருங்கள் என்று நான் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். டிரைவருக்குப் பின் சீட்டு கேட்டிருக்கிறார், கியர் போடுவதைப் பார்க்க வேண்டுமாம். சட்டைகளும் சொட்டு மருந்தும் பச்சைப் பையில் இருக்கின்றன. காலையில் மாத்திரை சாப்பாட்டுக்குப் பிறகு. தேநீரில் சர்க்கரை வேண்டாம், கேட்டாலும் போடாதீர்கள்.

எழுதியபடி நடந்துகொள்.

தங்கை

---

ஜூன் 30

அன்புள்ள குட்டிக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். நீ நலமா? வரி கோணினால் கண்ணைத் திட்டு, என்னைத் திட்டாதே.

பெரியவன் வீடு ஏழாவது மாடியில் இருக்கிறது. நல்ல வீடு. காற்று நன்றாக வருகிறது. துணி துவைக்கிற மெஷின் இருக்கிற அறையில் எனக்குக் கட்டில் போட்டிருக்கிறார்கள். மெஷின் ஓடும்போது கட்டில் ஆடுகிறது. லாரியில் படுத்த மாதிரி சுகமாகத் தூக்கம் வருகிறது. மருமகள் மரியாதையாகப் பேசுகிறாள். பிள்ளைகள் காலையில் போனால் இருட்டித்தான் வருகிறார்கள், பாவம், அவ்வளவு படிப்பு.

கதவுக்குச் சாவி கிடையாது. எண் அழுத்தினால் திறக்கும். எனக்கு அந்த எண்ணை யாரும் சொல்லவில்லை, வயசானவன் மறந்துவிடுவேன் என்று இருக்கும். அதனால் காலையில் அவர்கள் கிளம்பும்போது நானும் கீழே இறங்கிவிடுகிறேன். யாராவது திரும்பி வரும்போது கூடவே மேலே போகிறேன். நடுவில் வாசல் காவல்காரர் நாற்காலி கொடுக்கிறார். நல்ல மனிதர். அவரும் லாரியில் கிளீனராக இருந்தவர். நாங்கள் பேசாத சாலை இல்லை.

எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ வேளைக்குச் சாப்பிடு. கைக்கு எண்ணெய் தேய். நேரம் கிடைத்தால் இரண்டு வரி எழுது.

அப்பா

---

ஆகஸ்ட் 12

அன்புத் தங்கைக்கு,

நலமா? இங்கே எல்லோரும் நலம்.

பெரிய பாரம் இறங்கியது. வரி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வந்தவர், "பையன் நல்லா பாத்துக்கறாரா பெரியவரே?" என்று கேட்டார். அப்பா, "ராஜா மாதிரி வெச்சிருக்கான்" என்றார். அவர் குறித்துக்கொண்டு போய்விட்டார். நான் அந்த அறையில் நிற்க முடியாமல் தண்ணீர் எடுக்கிற மாதிரி வெளியே வந்துவிட்டேன். போன வாரம் கடிதம் வந்தது, என் படிவத்தை ஏற்றுக்கொண்டார்களாம்.

இனி ஒன்றும் பயமில்லை. அப்பாவை நீ எப்போது அழைத்துக்கொள்கிறாய்? அண்ணிக்கு இடுப்புவலி, அவளாலும் பார்க்க முடியவில்லை. அவருக்கும் இங்கே பொழுது போகவில்லை. நான் வந்தால் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்கிறார். பஸ் செலவு என்னுடையது.

பதில் எழுது.

அன்புடன்,
அண்ணன்

---

செப்டம்பர் 9

தங்கைக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. அப்பாவும் தினமும் தபால்பெட்டியைப் பார்க்கிறார். அவருக்காவது எழுதக் கூடாதா? உடம்பு சரியில்லையா? எப்போது வருகிறாய்?

அண்ணன்

---

செப்டம்பர் 20

அண்ணாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை.

பழைய வீட்டைக் காலி செய்துவிட்டேன். ஆஸ்பத்திரி வளாகத்திலேயே பணியாளர் விடுதி இருக்கிறது. ஒற்றை அறை, ஒற்றைக் கட்டில், வாடகை கிடையாது. சார்ந்து வாழ்வோர் யாரும் இல்லாதவர்களுக்குத்தான் தருவார்கள். என் படிவத்தில் அந்தக் கட்டம் காலி என்பதால் வரிசையில் முதலில் கிடைத்தது. வெளியாள் ஒரு நாள்கூடத் தங்கக் கூடாது. அப்பாவும் வெளியாள்தான், அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஜன்னலைத் திறந்தால் மரம் தெரிகிறது. ஷிப்ட் முடிந்து வந்தால் யாருக்கும் சமைக்க வேண்டாம். இப்படி ஒரு தூக்கம் நான் தூங்கியதே இல்லை. முதல் இரண்டு வாரம்.

அப்பாவிடம் நீயே சொல்லிவிடு. எனக்கு எழுத வரவில்லை.

தங்கை

---

அக்டோபர் 18

அன்புள்ள பெரியவனுக்கும் குட்டிக்கும்,

கார்பன் வைத்து ஒரே கடிதத்தை இரண்டு பேருக்கும் எழுதுகிறேன். யாருக்கு மேல் தாள், யாருக்குக் கீழ்த் தாள் என்று பார்க்காதீர்கள், கையில் வந்தபடி உறையில் போட்டேன்.

நான் நலம். எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஊருக்கு வெளியே புறவழிச் சாலையில் லாரிகள் நிற்கும் ஷெட், அதில் பகல் காவல். மாடி வீட்டு வாசல் காவல்காரர் எனக்காகச் சொன்னார், முதலாளி பார்த்தார், ஒற்றைக் கண் போதும் என்றார். படுக்க அறை உண்டு. போன வாரமே வந்துவிட்டேன். பெரியவா, நீ ஆபீஸில் இருந்தாய், சொல்லிக்கொள்ள முடியவில்லை. மருமகளிடம் சொன்னேன். கதவை அவள்தான் திறந்துவிட்டாள்.

இங்கேயும் படிவம் கொடுத்தார்கள். முன்பெல்லாம் லாரியில் ஏறு என்றால் ஏறுவோம், ஒரு தாளும் கிடையாது. கட்டங்கள் என் கண்ணுக்குச் சின்னதாக இருந்தன, பையன் ஒருவன் கேட்டுக் கேட்டு நிரப்பினான். நீங்கள் யாரைச் சார்ந்தவர் என்று அதில் கேட்கவில்லை. உங்களைச் சார்ந்தவர் யார் என்றுதான் கேட்டார்கள். யாரும் இல்லை, எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்றேன்.

நீங்கள் இரண்டு பேரும் சண்டை போடாதீர்கள். இனிமேல் அதற்குக் காரணம் இல்லை.

அப்பா

---

நவம்பர் 23

அண்ணாவுக்கு,

அப்பாவைப் போய்க் கூட்டி வா, ஊர் என்ன சொல்லும் என்று நீ எழுதியிருந்தாய். உனக்குப் பஸ்ஸில் பக்கம்தான், நீ போகவில்லை. நான் லீவு போட்டுப் போனேன்.

மதியம் போய்ச் சேர்ந்தேன். பெரிய தகர ஷெட், தரையெல்லாம் டீசல். வாசலில் ஒரு மேசை, அதன் பின்னால் அப்பா. காக்கிச் சட்டை ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார், லாரிக்காரர்களுக்கு எழுகிற மாதிரி. அப்புறம்தான் யார் என்று தெரிந்தது.

"குட்டியா? இளைச்சுட்டியே."

"நீங்கதான் இளைச்சிருக்கீங்க."

"சட்டை பெருசு, அதான்."

வருகிறவர்களை எழுதி வைக்க ஒரு பதிவேடு இருக்கிறது. அதில் எழுதாமல் யாரையும் உள்ளே விட மாட்டாராம். கண்ணைத் தாளோடு ஒட்டிவைத்துக்கொண்டு என் பெயரை எழுதினார். வந்த நேரம், பார்க்க வந்தது யாரை, எல்லாம் எழுதினார். உறவு என்ற இடத்தில் 'தெரிந்தவர்' என்று எழுதினார்.

நான் பார்த்ததை அவரும் பார்த்தார். "சொந்தக்காரங்களை உள்ள விடக் கூடாதுன்னு இங்க விதி. அதான் அப்படிப் போட்டேன்" என்றார்.

அவர் அறையில் தேநீர் கொடுத்தார். ஒரு ஸ்டவ், ஒரு பாய், பச்சைப் பை. வாங்கிப் போன சொட்டு மருந்தைக் கொடுத்தேன். "ஏற்கெனவே வாங்கிட்டேனே" என்று எடுத்துக் காட்டினார், அவர் சம்பளத்தில் வாங்கியது. என் மருந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வீடு எடுக்கிறேன், விடுதியை விட்டுவிடுகிறேன், வந்துவிடுங்கள் என்றேன். இதைச் சொல்லத்தான் போனேன். "அந்த ரூம்ல ஜன்னல் இருக்குன்னு உங்கண்ணன் சொன்னான். விட்டுடாதே" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டுக் கூட்டி வந்திருப்பேன். நல்ல விதமாகத்தான் சொன்னார்.

அதற்குள் வாசலில் ஹாரன் அடித்தது. போய்விட்டார். நான் வெளியே வரும்போது ஒரு லாரியை ரிவர்ஸ் எடுக்க வைத்துக்கொண்டிருந்தார். கையை மட்டும் ஆட்டினார்.

அடுத்த வருடப் படிவத்தில் அவர் பெயரை எழுதாதே. சம்பளம் வாங்குகிறவரை யாரும் தன்னைச் சார்ந்தவர் என்று காட்ட முடியாது, சம்பளப் பிரிவு அம்மாவிடம் கேட்டுவிட்டேன். உறையும் அனுப்பாதே.

சொந்தக்காரர்களை விடக் கூடாது என்ற விதி நிஜமாகவே அந்த ஷெட்டில் இருக்கிறதா என்று வாசலில் நின்ற இன்னொரு ஆளிடம் கேட்டிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமிருந்தது. நான் கேட்கவில்லை. நீ போனாலும் கேட்காதே.

தங்கை